'நிலம்' என்று எழுதியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சியில் வேலை பார்க்கிறேன். சேமிப்பு 18 லட்சம் இருக்கிறது. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் 6 சென்ட் மனை, சென்ட் இரண்டரை லட்சம் என்கிறார்கள். சுற்றிலும் ஒரே அளவில் இருபது கல் நட்டிருக்கிறது. வாங்கிப்போட்டு, பேங்க் லோனில் சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட எண்ணம். வில்லங்கம் இல்லை, கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் இருக்கிறது. இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா? பத்திர நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். மனை மோசம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டிய காகிதத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு நிலம் என்றால் காடும் நிலம், மேடும் நிலம், வீட்டு மனையும் நிலம். வாளையாறு தாண்டினால் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. கேரள வருவாய்த்துறைக் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்த பூமிக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். நம் ஊர்க்காரர்கள் ஆவணத்தில் 'நிலம்' என்று பார்த்ததும், நிலம்தானே வாங்குகிறோம் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் பஞ்சாயத்தில் பிளானைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் விஷயம் புரிகிறது.

உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'புரயிடம்' என்று இருப்பதைப் பார்த்தேன். அதை நம்பி உட்காராதீர்கள். அது விற்பவர் சொல்ல, ஆதாரம் (பத்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) எழுதுபவர் எழுதியது. அரசாங்கம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பது வில்லேஜ் ஆபீசில் இருக்கும் அடிப்படை வரிப் பதிவேட்டில் இருக்கிறது. எல்லோரும் பி.டி.ஆர். என்பார்கள். சர்வே நம்பர் கொடுத்து அதன் நகலைக் கேளுங்கள்.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியர் தம்பதியின் கதை இதேதான். மனையில் மஞ்சள் கல் நட்டு, கிணறும் வெட்டியாகிவிட்டது. பத்திரத்தில் புரயிடம். நானும் கூடப் போனேன். வில்லேஜ் ஆபீசில் அந்தப் பெரிய பதிவேட்டை எடுத்து, அலுவலர் விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'நிலம்'. அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஆமாங்க, நிலம்தானே?" என்றார்.

"அம்பது வருஷமா தென்னை நிக்குது சார், வயலாவது ஒண்ணாவது" என்று புரோக்கர் சொல்வார். தென்னை நிற்பது உண்மையாகவே இருக்கலாம். கொழிஞ்சாம்பாறை இருக்கும், ஆழியாறு தண்ணீர் பாயும் சித்தூர் தாலுகாவில், எப்போதோ வயலாக இருந்து பிறகு தோப்பானவை ஏராளம். மரம் வளர்ந்தாலும் பதிவேடு தானாக மாறாது. 2008-ல் கொண்டுவந்த நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது கடுமையாகிவிட்டது. அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியல் போட்டு 'டேட்டா பேங்க்' வைத்திருக்கிறார்கள். கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) கேட்டால் பார்க்கலாம். உங்கள் சர்வே நம்பர் அதில் இருந்தால், முதலில் ஃபாரம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும், அதற்கு அப்புறம் ஃபாரம் 6 கொடுத்துத் தன்மை மாற்ற வேண்டும். டேட்டா பேங்க்கில் இல்லாமல் பி.டி.ஆரில் மட்டும் 'நிலம்' என்று இருந்தால் ஃபாரம் 6 போதும். போதும் என்று எழுதிவிட்டேன். அந்த மனு ஆபீசு ஆபீசாக நகர்வதற்குள் உங்கள் பணம் எத்தனை மாதம் தூங்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் 8 சதவீதம் முத்திரைக் கட்டணம், 2 சதவீதம் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். உங்கள் 15 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் போயிற்று. போக்குவரவு (பெயர் மாற்றம்) நடந்து உங்கள் பேரில் கரமும் வாங்கிக்கொள்கிறார்கள். வீடு கட்டக் கேட்கும்போதுதான் 'வயலாயிற்றே' என்கிறார்கள். இதை வாங்கும்போதே சொல்ல ஓர் ஆள் கிடையாது. பேங்கும் லோன் தராது. அதனால் பதிவானது, கரம் கட்டியது இரண்டையும் வீடு கட்டலாம் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து உங்கள் புரோக்கர் சொல்லப்போவதையும் சொல்லிவிடுகிறேன்: "25 சென்ட் வரைக்கும் மாத்துறதுக்குக் கட்டணமே இல்லை." இது பாதி உண்மை, ஆள் விழுவதும் இந்தப் பாதியில்தான். டேட்டா பேங்க்கில் இல்லாத 'நிலம்' 25 சென்ட்டுக்குள் இருந்தால் கட்டண விலக்கு உண்டு. ஆனால் 2017 டிசம்பர் 30-ம் தேதி அன்றே அது 25 சென்ட்டுக்குள் தனித் துண்டாக இருந்திருக்க வேண்டும். இரண்டு ஏக்கர் தோப்பை 2021-ல் கூறு போட்டு 6 சென்ட் 6 சென்ட்டாக விற்றால் அந்த 6 சென்ட்டுக்கு விலக்கு கிடையாது, அரசு நிர்ணயித்த நியாயவிலையில் 10 சதவீதம் கட்ட வேண்டி வரும். உங்கள் மனையைச் சுற்றி ஒரே அளவில் இருபது கல் நட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அண்மையில் கூறு போட்டதாகத்தான் இருக்கும். முன் ஆதாரத்தை (முந்தைய பத்திரத்தை) வாங்கி, எத்தனை சென்ட் எந்தத் தேதியில் பிரிந்தது என்று பாருங்கள். விற்கிற மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் போனாலோ மனைகள் எட்டைத் தாண்டினாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். அந்த நம்பரையும் கேளுங்கள். குடியிருக்கச் சொந்த வீடு கட்டுபவர்களுக்கு வேறு சலுகைகள் இருக்கின்றன. நீங்கள் வாடகைக்குக் கட்டுகிறீர்கள், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

'பட்டயம் உள்ள பூமி' என்று சொன்னால் அதை நம் ஊர்ப் பட்டா என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே லேண்ட் ட்ரிப்யூனல் குடியானவருக்குக் கொடுத்ததும் பட்டயம்தான், அரசு தன் பூமியை நிபந்தனை போட்டுப் பதித்துக் கொடுத்ததும் பட்டயம்தான். இரண்டாவது வகையென்றால் விற்கலாமா, எதற்குப் பயன்படுத்தலாம் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கும். படிக்காமல் தொடாதீர்கள்.

வாடகைக் கணக்கு. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. வந்தாயிற்று, அங்கேயே உள்ள புதுச்சேரி பஞ்சாயத்தில் தொழில் நகரம் வருகிறது என்பார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது உண்மை. சரி, அங்கே வேலைக்குப் போகிறவர் கொழிஞ்சாம்பாறையில் ஏன் குடியிருக்க வேண்டும்? ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மனையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் எண்ணுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மனை பிடித்திருந்தால் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குகிறவருக்கு அதே தொகை அபராதம் என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. "பாதி கையில, பாதி பேங்க்ல" என்கிற புரோக்கர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார். செக்காக, விற்பவர் பேருக்கே கொடுங்கள். 'பி.டி.ஆரில் இது புரயிடமாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரிக்கு அவர் முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம்.

நகல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், முன் ஆதாரத்தில் தேதியும் அளவும் உள்ள பக்கத்தையும் சேர்த்து. மலையாளத்தில்தான் இருக்கும், பரவாயில்லை, நான் படித்துச் சொல்கிறேன்.