வரலாறு படிச்சவங்களுக்கு லண்டன்ல ஐ.டி. வேலை கிடைக்குமா?

வணக்கம்மா. வரலாற்றுல எம்.ஏ. முடிச்சுட்டு, டிபென்டன்ட் விசாவுல ரெடிங் வந்திருக்கீங்க. பார்க்கிறவங்க எல்லாம் "பைத்தான் படிங்க, இல்லேன்னா டெஸ்டிங் கோர்ஸ் சேருங்க"ங்கிறாங்க. கோடிங்னாலே தலை சுத்துது, என் படிப்புக்கு இந்த ஊர்ல மதிப்பே இல்லையா அக்கான்னு கேட்டிருக்கீங்க.

நானும் வரலாறுதான், மதுரையில படிச்சது. இப்போ லண்டன்ல ஒரு அரசுத் துறையோட டிஜிட்டல் டீம்ல கன்டென்ட் டிசைனரா இருக்கேன், அதாவது இணையதளத்துல வர்ற வாசகத்தை ஜனங்களுக்குப் புரியற மாதிரி அமைச்சு எழுதற வேலை. டெவலப்பர்களோட ஒரே மேசை, அவங்களோட அதே மீட்டிங். ஊர்ல இருந்தவரைக்கும் இப்படி ஒரு வேலை இருக்குன்னே யாரும் சொன்னதில்ல.

பிரிட்டிஷ் அரசு 2011-ல கவர்ன்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ்னு ஒரு அமைப்பைத் தொடங்கி, 2012 அக்டோபர்ல கவ்.யுகே (GOV.UK) தளத்தைத் திறந்தது. அதுவரைக்கும் துறைக்குத் துறை தனித்தனியா சிதறிக் கிடந்த தளங்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வரும்போது, சட்டம் தெரிஞ்சவங்க எழுதின வாசகத்தை சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி யார் எழுதறதுங்கிற கேள்வி வந்தது. கன்டென்ட் டிசைன் ஒரு தனி வேலையா வளர்ந்தது அங்கேதான். 9 வயசுப் பிள்ளைக்கு வாசிக்க வர்ற அளவு மொழி, 25 வார்த்தையைத் தாண்டாத வாக்கியம். கேட்க லேசா இருக்கும். வரிச் சட்டத்தோட ஒரு பிரிவை அப்படி எழுதிப் பாருங்க, அப்புறம் தெரியும்.

உங்க படிப்பு எங்க உதவும்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு விண்ணப்பத்துல முதல் பெயர், குடும்பப் பெயர்னு ரெண்டு பெட்டி இருந்தது. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் அப்பா பேரைக் குடும்பப் பேர்ல போடுவார், இன்னொருத்தர் இனிஷியலை மட்டும் போடுவார், இன்னும் ஒருத்தர் தன் பேரையே ரெண்டுலயும் போட்டுடுவார். கடைசியில பாங்க்ல ஒரு பேரு, டாக்டர்கிட்ட ஒரு பேரு. டீம்ல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "குடும்பப் பேரைத் தனியா வாங்கி என்ன செய்யறோம்?" கொஞ்ச நேரம் யாரும் பேசல. பழைய காகித விண்ணப்பத்துல இருந்தது, அப்படியே வந்துடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாருடைய பேரும் இந்த ரெண்டு பெட்டிக்குள்ள அடங்காதுன்னு, அரசுத் தளங்களை எப்படி அமைக்கணும்னு சொல்ற கவ்.யுகே டிசைன் சிஸ்டத்துலேயே எழுதியிருக்கு. அடுத்த வாரம் அது ஒரே பெட்டி ஆச்சு. ஒரு கல்வெட்டையோ கலெக்டர் ரிப்போர்ட்டையோ கையில எடுத்தா, இதை யார் எழுதினது, யாருக்காக, எதை விட்டுட்டாங்கன்னுதானே முதல்ல கேட்போம்? நான் அங்க கேட்டதும் அதேதான்.

இதே டீம்கள்ல யூசர் ரிசர்ச்சர்னு இன்னொரு வேலையும் உண்டு. ஜனங்க விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்துல உட்கார்ந்து, எங்க திணறுறாங்கன்னு குறுக்கிடாமப் பார்க்கணும். வாய்மொழி வரலாறு சேகரிச்ச பழக்கம் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நேரா யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன். நான் முதல்ல, ஜனங்களுக்கு இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கிற தொண்டு அமைப்புல வாலன்டியரா சேர்ந்தேன். வாடகை நோட்டீஸ், உதவித்தொகைக் கடிதம்னு ஆளுக்கொரு காகிதத்தோட வருவாங்க, அதைப் படிச்சு எளிமையா விளக்கணும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஒரு கவுன்சில்ல, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துல, வெப் எடிட்டர், அங்கிருந்து இங்க.

உங்க விசாவுல வேலை செய்ய உரிமை இருக்கு, ஸ்பான்சர் தேவையில்ல. இந்தியா காமன்வெல்த் நாடுங்கிறதால பெரும்பாலான சிவில் சர்வீஸ் வேலைகளுக்கும் (இங்க அரசுத் துறை வேலைகளை அப்படித்தான் சொல்வாங்க) நீங்க விண்ணப்பிக்கலாம். பல பேருக்கு இது தெரியாமலே வருஷங்கள் போயிடுது. முதல் சுற்றுல பேரை மறைச்சுத்தான் பார்ப்பாங்க. பொதுவா ஒவ்வொரு கேள்விக்கும் 250 வார்த்தைக்குள்ள பதில் எழுதணும். அதுல "நாங்க செஞ்சோம்"னு அடக்கமா எழுதாதீங்க, "நான் செஞ்சேன்"னு எழுதுங்க. நமக்குக் கூச்சமா இருக்கும், ஆனா மார்க் அதுக்குத்தான். எஸ்.சி. (செக்யூரிட்டி செக்)ங்கிற பாதுகாப்புப் பின்னணிச் சோதனை கேட்கிற வேலையை இப்போதைக்கு விடுங்க. அதுக்குப் பொதுவா 5 வருஷம் இங்க இருந்திருக்கணும்.

"ரெண்டு மாசம் டிரெயினிங், மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம்"னு சில கன்சல்டன்சிக்காரங்க வருவாங்க. நம்ம ஆளுங்களே வருவாங்க. கிட்ட சேர்க்காதீங்க. சி.வி.யில பொய் இருக்கிறது தெரிஞ்சா வேலை போறதோட நிக்காது.

பைத்தான் இதுக்கு வேண்டாம். வெப் பக்கத்துல தலைப்பு, பத்தி, லிங்க் எல்லாம் குறிக்கற மார்க்டவுனும் கொஞ்சம் எச்.டி.எம்.எல்.லும் போதும், ரெண்டு வாரத்துல வந்துடும். மாதிரிப் பக்கங்கள் செஞ்சு பார்க்கிற கவ்.யுகே புரோட்டோடைப் கிட் இலவசம், அதுல விளையாடிப் பாருங்க. அதோட உங்க கவுன்சில் தளத்துல படிச்சாப் புரியாத ஒரு பக்கத்தை எடுத்து நீங்களே மாத்தி எழுதி, எதை ஏன் மாத்தினீங்கன்னு பக்கத்துலேயே குறிச்சு வையுங்க. இன்டர்வியூவுல போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்க செஞ்ச வேலையோட மாதிரி, எங்கன்னு கேட்டா, அதைக் காட்டலாம்.