சேலம் ஜில்லா

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 78 வயது, மறதிநோய். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். "இதுதான் அத்தை உங்க வீடு" என்றால் சண்டையில் முடிகிறது. சரி, போகலாம் என்று சொன்னால் பொய்யாகாதா? கேட்டதையே பத்து முறை கேட்கும்போது, வேண்டுமென்றே செய்கிறாரோ என்றும் தோன்றிவிடுகிறது.

ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

என் தந்தையைத் தருமபுரியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, நினைவைச் சோதிக்கும் கேள்விகளில் ஒன்றாக, இது எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். அப்பா சற்றும் தயங்காமல் "சேலம் ஜில்லா" என்றார். தவறு என்று குறித்துக்கொண்டார்கள். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். அப்பா அப்போது இளைஞர். (உங்கள் கிருஷ்ணகிரி 2004 வரை எங்களோடுதான் இருந்தது.) விடை சரிதான், அவர் நின்றிருந்த ஆண்டுதான் வேறு என்பது எனக்குப் புரிய மேலும் ஒரு வருடம் ஆயிற்று.

அல்சைமர் வகை மறதிநோய் பெரும்பாலும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. ஆகவே காலையில் சாப்பிட்டது பதிவதில்லை, ஐம்பது வருடத்துக்கு முந்தைய தொழுவமும் கிணற்றடியும் வெகுகாலம் அழியாமல் இருக்கின்றன. பத்தாவது முறை என்பது உங்கள் கணக்கு. அத்தைக்கு அதுவே முதல் முறை. வேண்டுமென்றே கேட்பதற்கு, முன்பு கேட்டது நினைவில் இருக்க வேண்டுமல்லவா?

பொய்யைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா கருக்கலில் எழுந்து, எப்போதோ விற்றுவிட்ட மாட்டைப் பிடித்துக் கட்டப் போவார். "மாடு ஏதுப்பா, வித்தாச்சே" என்று நான் சொல்லும்போதெல்லாம் அன்றுதான் விற்றதுபோல முகம் கறுத்து உட்கார்ந்துவிடுவார்; நான் சொன்னது சற்று நேரத்தில் மறந்துபோகும், துக்கம் மட்டும் காரணம் தெரியாமல் இரவு வரை நிற்கும். ஒருநாள், "எத்தனை படி கறக்கும்ப்பா?" என்று கேட்டேன். கயிற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு, கட்டைவிரலை மடக்கி, காற்றில் கறந்து காட்டினார். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. நீங்களும் அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: வாசல் எந்தத் திசை, யார் யார் இருந்தார்கள் என்று.

பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்நோயில் பலருக்கும் உண்டு. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டையும் சண்டையும் வரும் உங்கள் கடிதத்தில் உங்கள் கணவர் எங்குமே வரவில்லை. அத்தை பிறந்த வீட்டைப் பற்றி உங்களைவிட மகனுக்கே அதிகம் தெரிந்திருக்கும். வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் அந்த வாசலில் உட்காரட்டும்.