இலங்கையின் மருதமுனை கைத்தறி பெட்ஷீட்டுக்கு ஜேர்மனியில் வரிச்சலுகை: பதில்

தங்கச்சி, ஜேர்மன் வியாபாரி உங்களிடம் கேட்டது நியாயமான கேள்விதான்: "பங்களாதேஷ் சாமானுக்கு வரி இல்லை, உங்களுடையதற்கு மட்டும் 12 வீதமா?" பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால், ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்ற 2001 முதலான ஐரோப்பியச் சலுகை அவர்களுக்கு உண்டு. நாம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2010இல் நம்மிடமிருந்து பறிபோன ஜீஎஸ்பி பிளஸ் என்ற இன்னொரு ஐரோப்பிய வரிச்சலுகை 2017 மே மாதம் திரும்பி வந்தது. அதில் கைத்தறி பெட்ஷீட்டுக்கும் வரி பூச்சியம்தான்.

இனி உங்கள் உண்மையான பயம்: நூல் இந்தியாவிலிருந்து வருகிறதே? பரவாயில்லை. நெய்வதும், வெட்டித் தைப்பதும் இங்கேயே நடந்தால் போதும். ஆயத்தத் துணியை இறக்கி ஓரம் மட்டும் அடித்து அனுப்பினால் செல்லாது. பங்களாதேஷுக்கோ இறக்கிய துணியில் சட்டை தைத்தாலே சலுகை, ஆடைகளில் வித்தியாசம் அங்கேதான்.

சரி, கடதாசி வேலை. ஒரு தொகுதி 6,000 யூரோவுக்குள் என்றால், இன்வொய்ஸிலேயே பொருள் இலங்கைத் தோற்றம் என்ற பிரகடனத்தை நீங்களே எழுதலாம். அதற்கு மேல் போனால் கொழும்பு வணிகத் திணைக்களத்தில் 'ரெக்ஸ்' எனும் ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். அந்தப் பிரகடனத்துக்கென்று உள்ள வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். நான் முதல்முறை அந்தப் பிரகடனத்தையே எழுத மறந்து அனுப்பி, வாங்கியவர் வரி கட்டிவிட்டு என்னிடம் கழித்துக்கொண்டார்!

நூல் வாங்கிய பில், தறிக்காரருக்குக் கொடுத்த கூலித் துண்டு எல்லாம் மூன்று வருடமாவது பத்திரமாக இருக்கட்டும். சுங்கம் பிறகும் கேட்கும்.