நான்கு கிண்ணமும் ஒரு நாக்கும்

கேள்வி: வயது 47. தெரியாத பண்டத்தை வாயில் வைத்ததே இல்லை. முதன்முறையாகத் தனியாக ஒரு வாரம் தாய்லாந்து போகிறேன். பிஸ்கட் கட்டிக்கொண்டு போய்ச் சமாளிப்பதா, துணிந்து சாப்பிடுவதா?

பதில்: பிஸ்கட் இரண்டு நாளைக்கு மட்டும். ஏழு நாளைக்கு எடுத்துப்போனால் ஏழு நாளும் அதையே தின்பீர்கள்!

ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதுப் பண்டம், அதுவும் மதியத்தில். மூன்றை ஒன்றாகச் சாப்பிட்டு வயிறு கலங்கினால் எதனால் என்றே பிடிபடாது.

முதல் நாள் நூடுல்ஸ் சூப். கொதிக்கும் சாற்றை உங்கள் கண்ணெதிரே ஊற்றுவார்கள், அதனால் பயம் குறைவு. மேஜையில் நான்கு கிண்ணங்கள் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ். சூப்பின் ருசியைக் கடைசியாகச் சரிசெய்வது சாப்பிடுகிறவர் வேலை. முதலில் எதுவும் சேர்க்காமல் இரண்டு வாய். பிறகு வினிகர் அரை ஸ்பூன், கலக்கி ஒரு வாய். அப்புறம் சர்க்கரை ஒரு சிட்டிகை. மிளகாய்த்தூளைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே போட்டால் நாக்கு எரிந்து மற்ற ருசி எதுவும் தெரியாது. சேர்த்ததை எடுக்க முடியாது என்பதால்தான் அரை அரை ஸ்பூன். நாலு நாள் இப்படிச் செய்தால் நீங்கள் புளிப்புக் கட்சியா, இனிப்புக் கட்சியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இத்தனை வருடம் வீட்டார் ருசிக்குச் சமைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் புதுச் செய்தி.

'ஸோம் தம்' நாலாம் நாளைக்கு. பச்சைப் பப்பாளிச் சீவலை உரலில் இடித்துத் தருவது, வேகவைக்காத பண்டம். தட்டுக்குத் தட்டு தனியாக இடிப்பதால் மிளகாய் எத்தனை என்று விரலைக் காட்டிச் சொல்லலாம். காரமே வேண்டாமென்றால் 'மை பெட்'. மீறிக் காரமாகிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் எரிவு தண்ணீரில் கரையாது, வாயெங்கும் பரவும். பால் குடியுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். முந்தின தட்டின் கடலைத் துகள் அதே உரலில் ஒட்டியிருக்கும்.

வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்க ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் நான்கு எடுத்துப்போங்கள். உறையில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரை போடாமல் மருத்துவரிடம் போங்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சைவம். காய்கறி மட்டும் போடச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. காய்கறி வதக்கலிலும் மீன் சாஸோ சிப்பி சாஸோ விழும். 'ஜே' என்று கேளுங்கள், தாய்லாந்து மொழியில் சுத்த சைவம் என்று பொருள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை அதுதான். முட்டை, பால், வெங்காயம், பூண்டு கூட இருக்காது.

கேள்வி: தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். என்ன செய்யலாம்?

பதில்: பெரிய வணிக வளாகங்களின் உணவுக்கூடத்துக்குப் போங்கள். அங்கே பாதிப் பேர் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். பல இடங்களில் முன்பணம் கட்டி ஒரு கார்டு வாங்க வேண்டும். படத்தைக் காட்டி வாங்கலாம், பேச்சே வேண்டாம். மிச்சப் பணத்தைக் கிளம்புமுன் கவுன்டரில் திருப்பி வாங்கிவிடுங்கள். மறந்துபோய்க் கார்டோடு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம்.