நான் யார் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டுதான் கவுன்சலிங் போக வேண்டுமா?

வணக்கம்,

எனக்கு 26 வயது. ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு அதிகம். ஆனால் ஒரு பெண்ணையும் மனதார விரும்பியிருக்கிறேன். இன்னொரு தொல்லை, என் உடம்பு. மார்பும் தோளும் ஓர் ஆணுக்கு இருக்க வேண்டிய மாதிரி இல்லை என்றே தோன்றுகிறது. யார் முன்னாலும் சட்டையைக் கழற்ற மாட்டேன். நான் யார் என்று கவுன்சலிங்கில் சொல்வார்களா, இல்லை மாற்றப் பார்ப்பார்களா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் யார் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் அடுத்த முறை அங்கே போகாதீர்கள். பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். அது வரும்வரை உங்களோடு உட்கார்ந்திருப்பதுதான் ஆலோசகரின் வேலை.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. யார் மீது ஈர்ப்பு, நான் ஆண்தானா, என் உடம்பு ஏன் பிடிக்கவில்லை. முதலாவதற்கான பதில் இரண்டாவதைத் தீர்மானிப்பதில்லை. ஆண் மீது ஈர்ப்பு வருவதால் ஒருவர் ஆணாக இல்லாமல் போவதில்லை. அந்தப் பெண்ணை விரும்பியதையும் பொய்யென்று தள்ள வேண்டாம், இருபாலீர்ப்பு, அதாவது ஆண் பெண் இருவர் மீதும் ஈர்ப்பு, என்று ஒன்று இருக்கிறது.

மூன்றாவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆணுடலோடு இருக்கிறோமே என்பதல்ல உங்கள் வருத்தம்; அந்த உடல் போதவில்லை என்பது. இரண்டும் வேறு வேறு தவிப்புகள், உதவியும் வேறு. ஒரு நாளில் எவ்வளவு நேரம் இதையே நினைக்கிறீர்கள், கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களா அல்லது தவிர்க்கிறீர்களா, இதற்காக எங்கெல்லாம் போகாமல் இருந்தீர்கள் என்று ஆலோசகர் கேட்பார். பிறர் கண்ணுக்கே படாத குறை ஒருவரின் நாளையே விழுங்கினால், அது உடல் தோற்றம் பற்றிய மனநலச் சிக்கலாக இருக்கலாம். தசை போதவில்லை என்று தவிப்பதும் அதில் ஒரு வகை. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை இதற்குப் பலன் தருகிறது. சிலருக்கு மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். இந்தச் சிக்கலோடு அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கோ பெரும்பாலும் கவலை தீர்வதில்லை, சிலருக்கு வேறொரு உறுப்புக்குத் தாவிவிடுகிறது. உங்களுக்கு இருப்பது இதுதானா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது.

மாற்றுவது பற்றி: அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பை (தன் பாலினத்தவர் மீதே வரும் ஈர்ப்பை) நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல்தான் எடுத்தது, அவ்வளவு தாமதம்! ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலிக்க வாய்ப்பில்லை, கெடுதலும் செய்யலாம் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2009-ல் சொன்னது. இன்றும் ‘சரிசெய்கிறேன்’ என்பவரை ஆலோசகர் என்றே நான் சொல்ல மாட்டேன்.

அதனால் நேரம் கேட்கும்போதே, “தன்பாலீர்ப்பை நோயாகப் பார்க்கிறீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆள். நீங்கள் சொன்னது எப்போது, யாரிடம் போகும் என்றும் கேளுங்கள். பொதுவாக ரகசியம் காப்பார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு. அப்படியான எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். அதை முதலில் சொல்லுங்கள்.

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று எந்தப் பெயரையும் உங்களுக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. சட்டையைக் கழற்ற முடியவில்லை என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.