மவுண்ட் ரோட்டை எந்த கவர்னர் போட்டார்?

சென்னை அண்ணா சாலையைப் போட்ட ஆங்கிலேய கவர்னர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கவர்னரை விடுங்கள். என்னைக் கேட்டால், ஓர் ஆர்மீனிய வணிகரின் பெயரைத்தான் முதலில் சொல்வேன்: கோஜா பெத்ரூஸ் உஸ்கான்.

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற வழிதான் இந்தச் சாலை. மவுண்ட் ரோடு என்ற பெயரே அந்த மலையால் வந்ததுதான். ஆனால் சைதாப்பேட்டையில் அடையாறு குறுக்கிடுகிறது. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடினால், மலையில் இருக்கும் தோமையார் கோயிலுக்குப் போகிறவர்கள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726இல் உஸ்கான் தன் கைப்பணத்தில் அங்கே பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன் (அந்தக் காலத்துத் தங்கக் காசு). பிற்காலப் பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியாக ஒதுக்கி வைத்தார். மலைக்கு ஏறும் படிகளும் அவர் தந்தவைதான். மாம்பலம் என்பது ஆங்கிலேயர் வாயில் 'மார்மலாங்' ஆகி, பாலத்துக்கு அதுவே பெயராக நின்றது. இன்று அது மறைமலை அடிகள் பாலம்.

பழைய பாலத்தை இடித்துவிட்டு 1960களில் புதிதாகக் கட்டினார்கள். அவருடைய கல்வெட்டு மட்டும் தப்பியது. கல்லூரி முடித்த வருடம், சைதாப்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மதியம்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். புழுதி அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழிகள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பொதுமக்களின் நன்மைக்காகக் கட்டியது என்று லத்தீனில் எழுதியிருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாள்தோறும் அதைக் கடந்து போயும் இத்தனை காலம் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று அன்று மனம் கனத்தது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை சாலைக்கு மேற்கே நீளமான ஏரி ஒன்று கிடந்தது. அதன் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு உண்டு. ஏரி போய்விட்டது, பெயர் இருக்கிறது. பெருமழைக்குத் தி.நகரில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகத்துக்கு வரும்.

மற்றவை எல்லோரும் அறிந்தவை. ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், 1959இல் எழுந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம், 1973இல் வந்த ஜெமினி மேம்பாலம். அறிஞர் அண்ணாவின் பெயர் சூட்டப்பட்ட பிறகும் என் அப்பா கடைசிவரை மவுண்ட் ரோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உஸ்கான் 1751இல் சென்னையிலேயே காலமானார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, ஈரானில் அவர் பிறந்த ஜுல்பாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.