செல்லோ கேள்வி பதில்: ஒரே டி, ஒரே சண்டை

நாகர்கோவிலில் சர்ச் இசைக்குழுவில் செல்லோ, அதாவது உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின், வாசிக்கிறேன். போலந்து இசையமைப்பாளர் லுட்டோஸ்வாவ்ஸ்கியின் செல்லோ கான்செர்ட்டோவை (ஒற்றைச் செல்லோவும் ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும் இசை) சிலருக்குப் போட்டுக் காட்டினேன். அப்புறம் வந்த கேள்விகள் இவை.

குளச்சல் தம்பி: தொடக்கத்தில் ஒரே சுரத்தையே இழுக்கிறாரே, வாசிக்கத் தெரியாதா?

தெரியும் தம்பி. 'டி' என்ற சுரத்துக்கான தந்தியில் விநாடிக்கு ஒரு இழுப்பு. 'அக்கறையில்லாமல்' என்றே குறிப்பு இருக்கிறது. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவன் காலைத் தட்டுவானே, அப்படி. மனசு எங்கோ அலையும், விரல் எதையோ கிறுக்கும், மறுபடி அதே டி. சுமார் நாலு நிமிஷம் செல்லோ தனியாகத்தான். டிரம்பெட்டுகள் குறுக்கே விழும்போது நமக்கே தூக்கிவாரிப் போடும்.

தக்கலை அக்கா: எத்தனை பாகம்?

நான்கு பகுதி, நடுவில் நிறுத்தமில்லை. கைதட்ட இடம் தேடாதீர்கள்.

இரணியல்: என்ன ராகம்?

ராகம் கிடையாது. அரைச் சுரத்திலும் பாதியான கால் சுரங்கள் உண்டு.

குலசேகரம்: தந்தியை முறுக்கும் பிரடை இறுகிவிட்டது, தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடவே கூடாது! மழைக்கால ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். காய்ந்த சோப்பைக் கொஞ்சம் தேயுங்கள். வழுக்கினால் சாக்பீஸ்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி: டிரம்பெட்தான் அரசாங்கம், செல்லோ தனிமனுஷன். சரிதானே?

1970-இல் லண்டனில் இதை முதலில் வாசித்த ரஷ்யச் செல்லோ கலைஞர் ரஸ்ட்ரபோவிச்சும் அப்படித்தான் நினைத்தார். அப்போது அவர் வீட்டில் தங்கியிருந்தவர் சோவியத் அரசை எதிர்த்த எழுத்தாளர் சோல்செனிட்சின்; நினைக்காமல் இருப்பாரா? ஆனால் இசையை எழுதிய லுட்டோஸ்வாவ்ஸ்கி ஒப்பவில்லை. இது சங்கீதம், அவ்வளவுதான் என்றார்.

அண்ணாச்சி மறுபடியும்: லுட்டோஸ்வாவ்ஸ்கியின் அப்பாவை 1918-இல் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் சுட்டார்களே?

சுட்டார்கள். அதற்காக ஒவ்வொரு டிரம்பெட்டுக்கும் துப்பாக்கி மாட்டிவிட முடியுமா? எனக்கு அது மேடையில் இரண்டு பேர் மல்லுக்கட்டுவதாகத்தான் கேட்கிறது.

குழித்துறை: இது என்ன ராகம்?

இரணியல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

குலசேகரம்: ஒரு சொட்டு எண்ணெய் மட்டும்?

ஒரு சொட்டும் கூடாது!

அண்ணாச்சி: சரி, கடைசியில் ஜெயித்தது யார்?

ஆர்கெஸ்ட்ரா ஒரே கார்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) ஓங்கி ஓங்கி அடிக்கும், செல்லோ முனகும். முடிந்தது என்று நினைக்கும்போது செல்லோ எழுந்து, உச்சத்தில் ஏ சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். முதலில் கேட்ட டி மாதிரியேதான் அண்ணாச்சி, ஆனால் அந்த அசட்டை மட்டும் இருக்காது.